பிக் லைன், கீமோ போர்ட் போட்டவர்களுக்கு ரத்தக்கட்டி: உங்கள் அனுபவம்?

மழைத்துளி
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ பாதியில் இருந்தபோது பிக் லைன் (கை நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கம்வரை விடும் மருந்துக்குழாய்) போட்ட கை கனக்கிறது என்றார். காய்ச்சல் இல்லை, லைனில் மருந்தும் தடையில்லாமல் போனது, ஒருக்களித்துப் படுத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தால் ஒரு பக்கம் மணிக்கட்டு எலும்பே தெரியவில்லை. டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். கருவியை வைத்து அழுத்தினால் நல்ல ரத்த நரம்பு தட்டையாகிவிடும், விட்டால் திறந்துகொள்ளும். அக்குள் பக்கம் வந்ததும் எவ்வளவு அழுத்தியும் அந்த வட்டம் அப்படியே நின்றது. ஸ்கேன் எடுத்தவர் ஒன்றும் பேசாமல் மறுபடியும் அழுத்தினார், அப்போதும் நின்றது. அம்மாவுக்குப் பல வருடம் முன்பே காலில் ரத்தக்கட்டி வந்திருக்கிறது, லைன் போடும் முன் அதை யாருமே கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

வெள்ளிநிலா
முதலிலேயே போர்ட் (மார்பில் தோலுக்கடியில் பதிக்கும் சின்ன மருந்துப்பெட்டி, அதிலிருந்து குழாய் உள்ளே போகும்) போட்டிருக்க வேண்டும். அண்ணனுக்குப் போர்ட்தான், கடைசிவரை ஒரு தொந்தரவும் இல்லை. கை நரம்பு சின்னது, அதற்குள் குழாயையும் விட்டால் ரத்தம் ஓட இடம் ஏது?

தென்றல்
வெள்ளிநிலா, பாதிதான் சரி. போர்ட்டில் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. எனக்குப் போர்ட்டில்தான் வந்தது. குளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் தோளிலும் மார்பிலும் நீல நரம்புகள் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. எக்ஸ்ரேயில் குழாயின் நுனி மேலேயே நின்றுவிட்டது தெரிந்தது. அது பெரிய சிரை இதயத்துக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், மேலே இருந்தால் கட்டி வர வாய்ப்பு கூடுகிறது.

இனி போடப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். குழாயின் தடிமன் நரம்பின் அகலத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள், அதனால் அல்ட்ராசவுண்டில் நரம்பை அளந்தார்களா என்று கேளுங்கள். மருந்து போக ஒரு வழி போதும் என்றால் இரண்டு மூன்று வழி உள்ள குழாய் வேண்டாம், அது தடிமனாக இருக்கும். முன்பு கட்டி வந்திருந்தால், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். லெனலிடோமைட், ஆஸ்பராஜினேஸ் மாதிரி சில மருந்துகளே ரத்தம் உறைவதைக் கூட்டும். அதற்காக எல்லோருக்கும் முன்கூட்டியே ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி) போடுவதில்லை, ரத்தக்கசிவு பயம் இருக்கிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்தவர்களுக்கு இன்னும் அதிகம். அப்புறம், லைன் இருக்கிறது என்று கையை அசைக்காமல் வைத்திருக்காதீர்கள்.

பனித்துளி
அப்பாவுக்கு வந்தபோது லைனை உடனே பிடுங்கச் சொல்லி நாங்கள் சண்டையே போட்டோம். டாக்டர் மறுத்துவிட்டார். லைன் வேலை செய்கிறது, கிருமித் தொற்று இல்லை, கீமோவுக்கு அது தேவை, அதனால் இருக்கட்டும், ரத்தம் உறையாமலிருக்க ஊசியைத் தொடங்கலாம் என்றார். அதே லைனில்தான் மீதி கீமோ முழுவதும் போனது.

மழைத்துளி
எங்களுக்கும் எடுக்கவில்லை பனித்துளி. குறைந்தது 3 மாதம், லைன் உள்ளே இருக்கும்வரை ரத்தம் உறையாமலிருக்க மருந்து என்றார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. அப்பாவுக்கு ஊசி போட்ட இடத்தில் கன்றிப்போனதா? அம்மாவுக்கு வயிறெல்லாம் ஊதா நிறமாக இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் இப்போது பயப்படுகிறார்.