புதுப்பிப்பு: ஜப்பானிய அனிமே 'ஓஷி நோ கோ' 4ஆம் எபிசோட், அரிமா கனா ஏன் திரும்பி வந்தாள்?

3ஆம் எபிசோடோடு நின்ற இழை இது. "பத்தே நொடியில் அழும் குழந்தை நட்சத்திரம்" என்று பேர் வாங்கிய கனா, கதைக்குள் எடுக்கப்படும் வெப் தொடரில் ஏன் சுமாராக நடிக்கிறாள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

அவள் வேண்டுமென்றேதான் அடக்கி வாசிக்கிறாள். தயாரிப்பாளர் கபுராகி முகத்துக்காகச் சேர்த்த மாடல் பையன்கள் நடுவில் அவள் முழுசாக நடித்தால் அவர்கள் அம்பலமாகிவிடுவார்கள். சிறுவயதில் தலைக்கனத்தால் வாய்ப்பிழந்தவள், இப்போது படைப்பு தப்பினால் போதும் என்று தன்னைக் குறைத்துக்கொள்கிறாள். பாவம், அதுவே அவளுக்குக் கெட்ட பெயர்.

4ஆம் எபிசோடில் அந்த வெப் தொடரின் கடைசிக் காட்சி படமாகிறது. வில்லன் வேடம் அனிமேயின் நாயகன் அக்வாவுக்கு. நடிப்பில் அவன் மேதை இல்லை. இயக்குநர் கொதாண்டாவிடம் வேலை செய்து கேமராவுக்குப் பின்னால் நடப்பதைக் கற்றவன். செட்டில் ஒழுகித் தேங்கிய தண்ணீரைக்கூட மிரட்டலுக்குப் பயன்படுத்துகிறான். வெப் தொடரின் நாயகனாக நடிக்கும் மாடல் பையன் மெல்ட்டை மைக்கில் விழாதபடி சீண்டுகிறான். மெல்ட்டுக்கு நிஜமாகவே கோபம் வருகிறது, வசனத்தில் முதல்முறையாக உயிர் வருகிறது.

எதிரில் நிற்பவர்கள் தாங்குவார்கள் என்றானதும் கனாவுக்குக் கட்டுப்பாடு தேவைப்படவில்லை. அந்தக் கண்ணீர் குளோசப்பை வெப் தொடரின் மூலக்கதையான மாங்காவை (ஜப்பானிய காமிக்ஸ்) எழுதியவள் பார்க்கும் ஷாட்டோடு சேர்த்துப் பாருங்கள். என் கணக்கில் திருப்பம் அங்கேதான், அக்வாவின் சாகசத்தில் இல்லை.