புதுப்பிப்பு: லேடில் கைச்சக்கரத்தில் இருந்த லூஸ்

கோவையில் நான் வேலை பார்க்கும் ஃபவுண்டரியில், அரை டன் லேடிலை (உருகிய இரும்பை எடுத்துப்போய் ஊற்றும் பெரிய வாளி) சாய்க்கும் கைச்சக்கரம் கால் சுற்று சும்மாவே சுற்றுகிறது, அப்புறம் லேடில் பொசுக்கென்று சாய்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். கியர் பாக்ஸைத் திறக்கச் சொன்னீர்கள். திறந்தாயிற்று.

உள்ளே இருக்கும் வெண்கல வார்ம் வீலின் (திருகுத் தண்டு சுழற்றும் பல்சக்கரம்) பற்கள் பாதியாகத் தேய்ந்திருந்தன. பழைய கிரீஸைத் துணியில் வழித்தால் பொன்னிறத் துகள்கள் மின்னுகின்றன. மிச்சப் பற்களும் முறிந்தால் லேடிலைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. உள்ளே 1,400 டிகிரி வெப்பத்தில் இரும்பு. ஊற்றுபவர் ஓரடி தள்ளித்தான் நிற்கிறார்.

திறந்த கையோடு, லேடிலைத் தாங்கும் இரண்டு பக்கத் தண்டுகளின் வெல்டிங்கையும் டை டெஸ்ட் (சாயம் பூசி விரிசல் பார்க்கும் சோதனை) செய்யச் சொன்னேன். சிவப்புச் சாயத்தைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் அடித்த சில நிமிடங்களில், இடப்பக்கம் முடி போல ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. விரிசல்தான். லேடிலை ஓரங்கட்டிவிட்டோம்.

"வருடாந்திரச் சான்றிதழ் இருக்கிறதே" என்றார் மேலாளர். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் சொன்ன 12 மாதச் சோதனை கிரேன், சங்கிலி, கொக்கி போன்றவற்றுக்கு. லேடிலின் கியரை அதில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. இதைத்தான் அவரிடம் அழுத்திச் சொன்னேன். சரி, ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் காலி லேடிலைச் சாய்த்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று இப்போது எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

புது வார்ம் செட் வந்துவிட்டது. தண்டு வெல்டிங்கைச் சுரண்டி மறுபடி வைப்பதா, தண்டையே மாற்றுவதா? மாற்றுவதே நல்லது என்பது என் எண்ணம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.