ரீஃபர்பிஷ்டு: லேப்டாப் எடுக்கலாமா, ஏ.சி. எடுக்கலாமா?

மஞ்சக்குப்பத்தான்
மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, லேப்டாப் வேண்டும். கையில் இருப்பது 30,000 ரூபாய். அதற்குள் வீட்டுக்கு ஒரு ஏ.சி.யும் போட்டுவிடலாம் என்று ஆசை. புதுச்சேரியில் ஒரு கடையில் ரீஃபர்பிஷ்டு (பழசைப் பழுது பார்த்துப் புதுப்பித்த) லேப்டாப், இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ஐ5 பிராசசர், 14,500 சொல்கிறார்கள். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. 15,000. இரண்டும் எடுத்தால் ஆயிரம் குறைப்பாராம். மாமனாரோ, "அடுத்தவன் கழிச்சுப் போட்டதை எதுக்கு மாப்பிள்ளை வீட்டுக்குள்ள கொண்டு வரீங்க?" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை
மாமனார் பேச்சைக் கேளுங்கள். ஃபெஞ்சல் புயல் கரை கடந்து நாலு மாதம் கழித்து நானும் அங்கே ஒரு கடையில் லேப்டாப் எடுத்தேன். பார்க்கப் புதுசு மாதிரி மின்னியது. ஆறாவது வாரம் சார்ஜ் ஏறவில்லை. தெரிந்த பையன் திறந்து காட்டினான்: போர்டில் பச்சை பூத்திருக்கிறது, திருகுகளின் தலையில் துரு, கீபோர்டுக்கு அடியில் வண்டல். "தண்ணி பட்டதுக்கு வாரண்டி கிடையாது" என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். தண்ணீர் பட்டது யார் வீட்டில் என்று கேட்டேன், பதில் இல்லை. 2024 நவம்பர் 30 ராத்திரியைச் சேர்த்து ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய ஊர் அது. வெள்ளத்தில் நின்ற சாமானெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஜெராக்ஸ் கடை
கெடிலக்கரை சார், உங்கள் தலையில் கட்டியது ரீஃபர்பிஷ்டு இல்லை, துடைத்து வைத்த செகண்ட் ஹேண்ட். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் கடை வைத்திருக்கிறேன். என் மெஷினே ரீகண்டிஷன்தான். புது மெஷின் விலைக்கு நான் கடையைத் திறந்தே இருக்க மாட்டேன். அதில் தேய்வது டிரம், ஃபியூசர், பேப்பர் இழுக்கிற ரோலர். மூன்றையும் தனித்தனியாக மாற்றலாம். எத்தனை பிரதி ஓடியிருக்கிறது என்று கவுண்டரே சொல்லிவிடும். லேப்டாப்பிலும் இதே கணக்குதான். கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் குத்தகைக்கு ஓட்டிவிட்டு லாட்டாகக் கழிக்கிற திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் வகையைப் பாருங்கள். பேட்டரி, டிஸ்க், ஃபேன் எல்லாம் மாற்றக்கூடியவை.

ஆனால் மஞ்சக்குப்பத்தான் சார், ஆறாம் தலைமுறை வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள், மயங்காதீர்கள். கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அடி மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் பஸ் ஏறிவிடுங்கள்.

கெடிலக்கரை
கடைக்காரர் முகத்துக்கு நேரே திருகைக் கழற்றச் சொல்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? உங்களுக்கு ரோலர் சத்தத்திலேயே கோளாறு தெரிந்துவிடும். எங்களுக்கு மூடியைத் திறந்தாலும் என்ன தெரியும்? 30,000 முழுசையும் போட்டுப் புதுசு வாங்கட்டும். ஒரு வருடமாவது நிம்மதி.

ஜெராக்ஸ் கடை
அந்த விலையில் வருகிற புதுசு பலவும் பேருக்குத்தான் புதுசு. சிக்கனமான பிராசசர், போர்டோடு ஒட்டிய ரேம், கூட்டவும் முடியாது. பிள்ளை நாலு வருடம் படிக்க வேண்டாமா?

உப்புக்காத்து
லேப்டாப் சண்டையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யைப் பற்றி நான் சொல்கிறேன், முத்தியால்பேட்டையில் சர்வீஸ் பார்க்கிறேன். கடலோரம் ஓடிய அவுட்டோரை, அதாவது வெளிச்சுவரில் மாட்டுகிற பெட்டியை, வாங்காதீர்கள். உப்புக் காற்றில் அலுமினியத் தகடுகள் பொரிந்து, கை வைத்தால் உதிரும். செம்புக் குழாய் இணைப்பில் கசியும். கேஸ் அடித்து, வெளியே பெயின்ட் அடித்து நிறுத்திவிடுவார்கள். நாலு மாதத்தில் மறுபடி என்னைக் கூப்பிடுவீர்கள். எனக்கு வருமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன். நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் ஓடியது என்றால் யோசிக்கலாம். அப்போதும் ஸ்டிக்கரில் வருடத்தைப் பாருங்கள். 2022 ஜூலையில் மின்சாரச் சிக்கனத்துக்கான ஸ்டார் அளவுகோலை இறுக்கியபோது அதுவரை 5 ஸ்டாராக இருந்தது 4 ஆகிவிட்டது. மிச்சம் பிடித்ததைக் கரண்ட் பில்லில் கட்டுவீர்கள்.

வில்லியனூர் அக்கா
ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் எடுத்த பழைய தையல் மெஷின் 11 வருடமாக ஓடுகிறது. எண்ணெய் விடுவதைத் தவிர நான் ஒன்றும் செய்ததில்லை. அதே சந்தையில் எடுத்த மிக்ஸி ஒரு தீபாவளி கூடத் தாங்கவில்லை. மோட்டாரைச் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பியில் கட்டியிருந்தார்களாம்.

கெடிலக்கரை
அக்கா சொன்னதுதான் என் கட்சி. தையல் மெஷினில் ஒளிக்க இடமில்லை, சக்கரத்தைச் சுற்றினால் தெரிந்துவிடும். மிக்ஸிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மஞ்சக்குப்பத்தான்
ஏ.சி. ஆசையை விட்டுவிட்டேன். இப்போது கடையில்தான் நிற்கிறேன். எட்டாம் தலைமுறை ஒன்று, 21,000. மூடியைத் திறக்கச் சொன்னேன். முகம் சுளித்தார், ஆனால் திறந்தார். துரு எதுவும் கண்ணில் படவில்லை. பேட்டரி ரிப்போர்ட்டில், புதுசில் 48,000 இருந்த கொள்ளளவு இப்போது 31,000 என்று காட்டுகிறது.

ஜெராக்ஸ் கடை
மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. புது பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் மூவாயிரம் குறைக்கச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை
எதைச் சொன்னாலும் பில்லில் எழுதி வாங்குங்கள். "தண்ணீரில் நனையாதது" என்றும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறாரா பார்ப்போம்.

மஞ்சக்குப்பத்தான்
புது பேட்டரிக்கும் ஆறு மாத வாரண்டிக்கும் எழுதிவிட்டார். "தண்ணீரில் நனையாதது" என்ற வரிக்கு மட்டும் "அதெல்லாம் எழுதுற பழக்கம் இல்ல சார்" என்கிறார். பணம் இன்னும் கொடுக்கவில்லை.

கெடிலக்கரை
கொடுக்காதீர்கள்.

ஜெராக்ஸ் கடை
திறந்து காட்டிய பிறகு என்ன சார் வரி? எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.