கடலுக்கு இறங்கச் சம்மாட்டியாரைக் கேட்பதா, கைப்பேசியைக் கேட்பதா?

உப்புவெளிவாசி:
சென்ற ஐப்பசியில் கைப்பேசிச் செயலி காற்று இலேசானது என்று காட்டியதை நம்பி வள்ளத்தை இறக்கினோம். அரைமணி நேரத்தில் வாடைக்காற்று எழும்பியதால், வலையில் பாதியை அறுத்துவிட்டுத்தான் கரைசேர முடிந்தது. அன்று விடியற்காலையில், வள்ளமும் வலையும் வைத்து எங்கள் தொழிலை நடத்தும் சம்மாட்டியார் நங்கூரக் கயிற்றைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, நீரோட்டம் திரும்பிவிட்டது, போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இனி அந்தச் செயலியை நான் திறக்கப் போவதில்லை.

நிலாவெளி ஆசிரியை:
உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. டீட்வோர்ஸ்ட், சிம்மன்ஸ், மாசி ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட சோதனைகளில், தரவுகளைக் கொண்டு கணக்கிடும் கணிப்புமுறை மனிதரைவிடச் சரியாகக் கணித்ததைக் கண்டவர்கள்கூட, அது தவறியதையும் பார்த்தபின் பெரும்பாலும் மனிதரின் கணிப்பையே தெரிவுசெய்தார்கள். சம்மாட்டியாரின் கணிப்பு தவறிய நாட்களை யாராவது எண்ணி வைத்திருக்கிறார்களா? 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரைகடந்த புரெவிப் புயலைப் பற்றி, செய்மதிப் படங்களையும் கணினி மாதிரிகளையும் கொண்டுதான் முன்கூட்டியே எச்சரித்தார்கள். 1964 டிசம்பர்ச் சூறாவளியின்போது நம்மிடம் அந்த வசதி இல்லை.

உப்புவெளிவாசி:
புயல் வேறு, அன்றாடக் காற்று வேறு, ரீச்சர். உலக வானிலை மாதிரிகள் கடலைப் பல கிலோமீற்றர் அகலமான கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. திருகோணமலையின் கொட்டியாரக் குடாவின் வாயில் அலை எப்படி மடிகிறது என்பது அந்தக் கட்டத்துக்குள் தெரியாது. சம்மாட்டியாரிடம் ஏன் என்று கேட்டால் காரணம் சொல்வார். அவர் சொன்னது தவறினாலும், மறுநாள் அதே மணலில் நின்று நம் முகத்தைப் பார்க்க வேண்டியவர் அவர்.

மூதூர்க்கரை:
இருவரும் ஒன்றைத் தவறவிடுகிறீர்கள். லோக், மின்சன், மூர் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆலோசனையைக் கணினி தந்தது என்று சொன்னபோது சாதாரண மக்கள் அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். துறை வல்லுநர்களோ அதைப் பொருட்படுத்தாமல் துல்லியத்தை இழந்தார்கள். எங்கள் கரையிலும் இதுவே நடக்கிறது: இளைஞர் கைப்பேசியை விடுவதில்லை, மூத்தவர் அதைத் தொடுவதில்லை.

நிலாவெளி ஆசிரியை:
பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த வாடைக்காற்றுக் காலம் முடியும்வரை, செயலி காட்டியது, சம்மாட்டியார் சொன்னது, உண்மையில் அடித்த காற்று ஆகிய மூன்றையும் நாள்தோறும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள்.

உப்புவெளிவாசி:
எழுதுகிறேன். ஆனால், அவர் வேண்டாம் என்ற நாளில் எங்கள் வள்ளம் இறங்காது. அந்த நாட்களின் காற்றைக் கரையில் நின்றுதான் குறிப்பேன்.