சின்னவனுக்கு போன் வாங்கலாமா?

எங்கள் குடும்பக் குழுவின் பெயர் ‘நம்ம வீடு’. அப்பா லாரியில், நான் கோவையில், பெரியப்பா மகன் மெல்போர்னில், மற்றவர்கள் ராசிபுரம் பக்கமும் நாமக்கல்லிலும் இருக்கிறோம். தங்கை பாப்பாவுக்கும் தம்பிக்கும் சொந்தமாகப் போன் கிடையாது. ஏதாவது எழுதுவதென்றால் அம்மா போனில் எழுதிவிட்டு, யார் எழுதியது என்று கடைசியில் போடுவார்கள். ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை பேசியது இது.

அம்மா, மதியம் 2.40
சின்னவன் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. போன் வாங்கித் தந்தால்தான் ஆச்சாம். அப்பாவும் ஊரில் இல்லை. எல்லோரும் ஒரு முடிவு சொல்லுங்கள்.

மாமா, 2.43
இதற்கு எதற்கு அக்கா கூட்டம்? மாப்பிள்ளைக்கு நான் வாங்கித் தருகிறேன். எட்டாவது படிக்கிற பையன், ஆசைப்படுகிற வயசுதானே. நாளைக்கே நாமக்கல்லுக்கு அனுப்பி வையுங்கள்.

சித்தி, 2.51
அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். எங்கள் வீட்டில் பட்டதைச் சொல்கிறேன். பெரியவனுக்கு 14 வயதில் வாங்கிக் கொடுத்தோம். விளையாட்டில் டைமண்ட் இலவசம் என்று யாரோ லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். அவன் அப்பா போனுக்கு வந்த ஓடிபியைப் பார்த்து இவன் சொல்லிவிட்டான். 8,400 ரூபாய் போய்விட்டது. பணத்தைக்கூட விடுங்கள். மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் பயந்து சுருண்டு கிடந்தான். காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

நான், 2.55
சித்தி, இனி யாருக்கு இப்படி ஆனாலும் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. மூன்று நாள் கழித்துச் சொன்னால் கஷ்டம். அடி விழும் என்ற பயம் இல்லாமல் அன்றைக்கே பிள்ளைகள் நம்மிடம் வந்து சொல்ல வேண்டும். அதற்கு நாம்தான் இடம் கொடுக்க வேண்டும்.

சித்தி, 2.56
அது உண்மைதான் கண்ணு. அன்றைக்கு அவனை நான் திட்டியிருக்கக் கூடாது.

அண்ணன் (மெல்போர்ன்), 3.05
சித்தி, எந்த போன், எதற்காக என்று பிரித்துப் பாருங்கள். இங்கே ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10-லிருந்து 16 வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. என் பெண்ணுக்கு 14. இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் இரண்டு கணக்கும் போய்விட்டன. சட்டத்தை மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை, கம்பெனிகளுக்குத்தான் 4.95 கோடி டாலர் வரை அபராதம். ஆனால் போனை யாரும் பிடுங்கவில்லை. வாட்ஸ்அப்பும் அந்தத் தடைக்குள் வராது. டிராமில் தனியாகப் பள்ளிக்குப் போய்வருகிறாள், எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டுமே. பள்ளிக்குள் போய்விட்டால் சாயங்காலம் வரை போன் லாக்கரில்தான். எங்கள் மாநில அரசுப் பள்ளிகளில் 2020-லிருந்தே அப்படித்தான்.

மாமா, 3.08
அப்போ போன் வேறு, உள்ளே இருக்கிறது வேறு என்கிறாய்.

அண்ணன் (மெல்போர்ன்), 3.09
ஆமாம் மாமா. அந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கையில் கொடுத்துவிடுகிறோம், சிக்கல் அங்கேதான் வருகிறது.

நான், 3.24
கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் 2019-இல் படிக்கக் கிளம்பியபோது தம்பி இரண்டாம் வகுப்பு. பஸ் நிறுத்தம் வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று பிடித்து இழுத்தான், பை அவன் உயரம் இருந்தது. அடுத்த வருடம் கொரோனா வந்து கல்லூரியை மூடினார்கள், வீட்டுக்கு வந்தேன். அப்போது வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன், அம்மாவுடையது. காலை 9 மணிக்கு எனக்கு வகுப்பு, 11 மணிக்குப் பாப்பாவுக்கு, மதியம் தம்பிக்கு டீச்சர் அனுப்பும் வீட்டுப்பாடம். மூன்று பேருக்கும் சார்ஜ் தாங்காது. தம்பியைக் கல்வி டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் திண்ணையில் சிக்னல் தேடுவேன். அவன் மூன்றாம் வகுப்பு முழுக்கவும் பள்ளிக்கூடத்தையே பார்க்கவில்லை. 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது நாலாவதில் போய் உட்கார்ந்தான், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினான். பாப்பாதான் தினமும் சாயங்காலம் அவனை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அதை நாம் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

போன வாரம் அம்மா எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு ஆம்பளைக் குரல் எடுத்தது. ‘அப்பா, எப்போ வந்தீங்க?’ என்று கேட்டேன். ‘அக்கா, நான்தான்’ என்றான். குரல் உடைந்துவிட்டது. எனக்கு அப்புறம் ஒன்றும் பேச வரவில்லை, சும்மா சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன். ஆறரை வருடமாக இவர்கள் இரண்டு பேரும் வளர்ந்ததை நான் பெரும்பாலும் போன் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். படம் எடுக்காத நாளில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது.

அதனால் தம்பி கேட்பதை அடம் என்று ஒதுக்க எனக்கு மனம் இல்லை. சும்மா வாங்கிக் கொடுக்கவும் மனம் இல்லை. எதற்கு வேண்டும் என்று அவனை யாராவது கேட்டோமா? அம்மா, போனை அவனிடம் கொடுங்கள், அவனே எழுதட்டும்.

அம்மா, 3.41
அக்கா, எல்லாரும் குரூப்பில்தான் மேட்ச் எங்கே, எப்போது என்று பேசுகிறார்கள். எனக்கு மட்டும் தெரியாது. போன ஞாயிறு ஏரிக்கரைக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றேன். அவர்கள் பள்ளி மைதானத்துக்கு மாற்றிவிட்டார்களாம். திங்கட்கிழமை கேட்டால் ‘குரூப்பில் போட்டோமே’ என்கிறார்கள். அடுத்த மேட்சுக்கு என்னைச் சேர்க்கவில்லை. விளையாட்டு ஏற்றத்தான் கேட்கிறேன் என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். கேம் கொஞ்சம் ஆடுவேன்தான். ஆனால் அதற்காக மட்டும் இல்லை. – தம்பி

சித்தி, 3.43
அடக் கண்ணு. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சாமி.

நான், 3.44
தம்பி, நீ சொன்னது நியாயமான காரணம். ஒரு மணி நேரம் தனியாக நின்றாய் என்பதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. போய்ச் சாப்பிடு, இதற்கு வழி பண்ணலாம்.

அம்மா, 3.50
சாப்பிடப் போய்விட்டான். இப்படி நின்ற கதை பாப்பாவுக்கும் உண்டு. வியாழக்கிழமை அவளும்தான் பஸ் ஸ்டாண்டில் இருட்டும் வரை நின்றாள். அவள் ஒன்றும் போன் கேட்கவில்லை.

நான், 3.50
என்ன ஆச்சு வியாழக்கிழமை?

நான், 3.53
அம்மா?

அம்மா, 3.58
அக்கா, பயப்படாதே. மார்ச்சில் பொதுத்தேர்வு, அதனால் ஆறரை வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸ். அன்றைக்கு 6.50 பஸ் வரவில்லை, அடுத்தது எட்டு மணிக்குத்தான். கூட வருகிறவர்களை அவர்கள் அப்பா வந்து வண்டியில் கூட்டிப் போய்விட்டார். பூக்கடை அக்காவிடம் போன் வாங்கி அம்மாவுக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். அம்மா மாட்டுக்கொட்டகையில் இருந்தார்கள், போன் உள்ளே சார்ஜில் இருந்தது. பூக்கடை அக்கா கடையை மூடாமல் பஸ் வரும் வரை என்கூடவே இருந்தார்கள். எட்டு மணி பஸ்ஸில் வந்துவிட்டேன். உனக்கும் அப்பாவுக்கும் சொன்னால் தூரத்தில் இருந்து கவலைப்படுவீர்கள் என்று நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். – பாப்பா

மாமா, 4.01
பாப்பா, பஸ் ஸ்டாண்டுக்கும் என் பட்டறைக்கும் ஒரு மணி நேரம்கூட இல்லையே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பேனே.

அம்மா, 4.04
உங்கள் நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது மாமா. அம்மா நம்பரும் அப்பா நம்பரும்தான் தெரியும். – பாப்பா

நான், 4.12
அந்தப் பூக்கடை அக்காவுக்கு நான் வரும்போது நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும்.

இதற்கு மேல் நான் யோசிக்கவே வேண்டியதில்லை. முதலில் போன் வேண்டியது பாப்பாவுக்கு. பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத ஒரு இடத்தில், இருட்டுகிற நேரத்தில், தினமும் ஒரு பிள்ளை நிற்கிறாள் என்றால் அவள் கையில் போன் இருக்க வேண்டும். அதற்கு 17 வயது ஆக வேண்டும் என்றுகூட இல்லை. பத்து வயதுப் பிள்ளை அப்படித் தனியாகப் போய்வந்தால் அதற்கும் வேண்டும். நாள் முழுக்க வீட்டிலும் வகுப்பிலும் இருக்கிற பிள்ளைக்குப் பதினைந்து வயதிலும் சொந்தமாக வேண்டியதில்லை. எத்தனை வயதில் கொடுப்பது என்றே எல்லோரும் கேட்கிறோம். காலையில் கிளம்பி இரவு வரும் வரை பிள்ளை எங்கெங்கே தனியாக இருக்கிறது என்று நான்கூட இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

அம்மா, 4.15
எனக்குத் தேர்வு முடிகிற வரை டச் போன் வேண்டாம் அக்கா. கையில் இருந்தால் எடுக்கத் தோன்றும், எனக்கே தெரியும். டீச்சர் குரூப்பில் போடுகிற கேள்வித்தாளைத் தோழியிடம் வாங்கி எழுதிக்கொள்கிறேன். – பாப்பா

நான், 4.17
பட்டன் போன் போதும் பாப்பா. பேசலாம், மெசேஜ் அனுப்பலாம், நாலு நாளைக்குச் சார்ஜ் நிற்கும். ஆனால் கேள்வித்தாளை எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம், அதற்கு வேறு வழி இருக்கிறது. அம்மாவின் பழைய போன் எங்கே?

அம்மா, 4.19
பீரோவில் கிடக்கிறது. டிஸ்ப்ளே உடைந்தது.

மாமா, 4.20
அதை நாளைக்கே என்னிடம் கொடுத்துவிடுங்கள், டிஸ்ப்ளே மாற்றித் தருகிறேன். பட்டன் போனும் என் செலவு. 4ஜி எடுக்கிற மாதிரி பார்த்து வாங்குகிறேன். பழைய 2ஜி மாடல் வாங்கினால் சில சிம் அதில் வேலை செய்யாது.

நான், 4.26
நன்றி மாமா. பாப்பாவுக்கு இன்னும் 18 ஆகவில்லை, அவள் பெயரில் சிம் தர மாட்டார்கள். அம்மா ஆதாரைக் கொண்டுபோய் அம்மா பெயரிலேயே எடுக்க வேண்டும்.

பழைய போன் கூடத்து போனாக இருக்கட்டும். டிவி மேஜையில்தான் இருக்கும், அறைக்குள் போகக் கூடாது. பாப்பாவின் கேள்வித்தாள், தம்பியின் மேட்ச் குரூப் இரண்டும் அதில் வரும். வாட்ஸ்அப்புக்குக் குறைந்தபட்ச வயது 13, தம்பிக்கு ஆகிவிட்டது. ஃபேமிலி லிங்க் என்று ஒரு செயலி இருக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணிக்கு அணைய வேண்டும், புதிதாக எதை ஏற்றலாம் என்பதை அம்மா போனிலிருந்தே வைக்கலாம். சனிக்கிழமை வந்து நான் போட்டுத் தருகிறேன். அம்மா, வங்கிக் கணக்கையும் ஜிபேயையும் மட்டும் அந்தப் போனில் ஏற்றவே கூடாது.

தம்பி, எவ்வளவு நேரம் என்பதை நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நான் மட்டும் முடிவு பண்ண மாட்டேன். ஆனால் வெயில் இருக்கும்போது வெளியே விளையாடுகிற நேரத்தில் கை வைக்க விட மாட்டேன். நான் வேலை செய்கிற கண் மருத்துவமனைக்குத் தினமும் உன் வயதுப் பிள்ளைகள் கிட்டப்பார்வை என்று கண்ணாடி போட வருகிறார்கள். வெளியே பகல் வெளிச்சத்தில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு அது குறைவாக வருகிறது.

அம்மா, 4.31
மேட்ச் எப்போதும் நாலரைக்குத்தான் அக்கா. வெளியேதான் இருப்பேன். சாப்பிட்டுவிட்டேன். – தம்பி

சித்தி, 4.33
பள்ளிக்கூடத்துக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்களே?

அம்மா, 4.36
நாளைக்கு நானே போய்ப் பேசுகிறேன். காலையில் அணைத்து வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். பட்டன் போன் என்றால் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். கொட்டகைக்குப் போனாலும் இனி என் போன் இடுப்பில்தான் இருக்கும்.

அப்பா, 5.47 (வாய்ஸ்)
நாக்பூர் தாண்டிச் சாப்பிட நிறுத்தினேன், இப்போதுதான் எல்லாம் கேட்டேன். பாப்பா, அப்பா கவலைப்படுவேன் என்று எதையும் மறைக்கக் கூடாது கண்ணு. பெரியவள் பிறந்த புதிதில் மஞ்சள் டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்று, பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, அம்மாவைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருப்பேன். மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை அழுகிற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வைத்த நாள் உண்டு. உங்கள் குரலைக் கேட்டால்தான் எனக்கு வண்டி ஓடும். நல்லதோ கெட்டதோ சொல்லிவிடுங்கள். பெரியவள் சொன்ன மாதிரியே செய்யுங்கள்.

வியாழக்கிழமை

*மாமா ஒரு படம் அனுப்பினார்: டிஸ்ப்ளே மாற்றிய போன், பக்கத்தில் பட்டன் போன்.*

அம்மா, மாலை 6.44
டீச்சர் ஒத்துக்கொண்டார்கள். இன்றைக்குத்தான் முதல் நாள், கொண்டுபோயிருக்கிறாள். மாமா நம்பர், சித்தி நம்பர், உன் நம்பர் மூன்றையும் மனப்பாடமும் பண்ணியிருக்கிறாள், போன் தொலைந்தாலும் தெரிய வேண்டுமாம்.

அம்மா, 6.58
பாப்பா கூப்பிட்டாள். பஸ் ஏறிவிட்டாளாம், உட்கார இடமும் கிடைத்ததாம்.

நான், 6.59
எனக்கும் கூப்பிட்டாள். நான் பேசியதே பாதிதான் கேட்டிருக்கும், அவ்வளவு இரைச்சல்.

அம்மா, 7.21
அக்கா, நான் டார்ச் எடுத்துக்கொண்டு சைக்கிளில் நிறுத்தத்துக்குப் போகிறேன். பையை நான் வாங்கிக்கொள்கிறேன். – தம்பி