மூன்றரை லட்சத்தில் ஒரு குடும்பக் கார்: பார்த்த வண்டிகளும் விற்க வந்தவர்களும்

கொளத்தூர்வாசி:

பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் வசதியாக உட்காரும்படி, மூன்றரை லட்சத்துக்குள் ஒரு பழைய பெட்ரோல் கார் வேண்டும் என்று சில மாதங்களாக அலைந்துகொண்டிருக்கிறேன். இந்த விலைக்கு எந்தெந்த மாடல்கள் கிடைக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்தப் பட்டியலுக்குள் போகவில்லை. நான் சொல்ல வந்தது வேளச்சேரிப் பக்கம் பார்த்த ஒரு வண்டியைப் பற்றியது.

பெயின்ட் பளபளப்பாக இருந்தது, ஏ.சி. நன்றாகக் குளிர்ந்தது, இன்ஜின் சத்தத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விலை மட்டும் சந்தை விலையைவிட ஐம்பதாயிரம் குறைவாக இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் பகுதி எப்படி மூழ்கிக் கிடந்தது என்பதைச் சென்னையில் இருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. ஆகவே முதலில் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். அது புதிதாக மாற்றப்பட்டிருந்தது. ஸ்டெப்னி வைக்கும் குழியில் சமீபத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். பிறகு பின் இருக்கையின் சீட் பெல்ட்டைப் பிடித்து, அதற்குமேல் வராது என்னும் வரைக்கும் இழுத்தேன். கடைசி இரண்டு சாண் நீளம் பழுப்பேறியிருந்தது. விரலில் வழவழப்பாக வண்டல் ஒட்டியது.

விற்பவர் என்னைவிட அதிகமாக அதிர்ந்துபோனார். இரண்டாம் மாடி வாகன நிறுத்தத்தில் நின்ற வண்டி என்று சொல்லித்தான் ஒரு புரோக்கர் அவருக்கு அதை விற்றிருக்கிறார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் வாங்காவிட்டால் பரவாயில்லை சார், அந்த பெல்ட்டை மட்டும் உள்ளே விட்டுவிடுங்கள், சாயங்காலம் இன்னொருவர் பார்க்க வருகிறார்" என்றார். நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கையை எடுத்ததும் அது தானாகவே உள்ளே போய்விட்டது.

வைகைக்கரை:

வெள்ளத்தில் நின்ற வண்டியாவது மண்ணைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நான் மதுரையில் பார்த்த செடான் வேறு வகை. சிங்கிள் ஓனர், ஒரு மருத்துவர் ஓட்டியது, ஓடிய தூரம் 62,000 கிலோமீட்டர் என்று புரோக்கர் சொன்னார். பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்ததையும், ஸ்டீயரிங் உறை புதிதாக இருந்ததையும் மனைவி கவனித்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அப்போதும் நான் நம்பிக்கையோடுதான் திருச்சி செல்லும் நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன்.

வண்டி 80-ஐ எட்டியதும் நின்றுவிட்டது. அதாவது ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் முள் 80-க்கு மேல் அசையவில்லை. ஒரு சரக்கு லாரி எங்களை நிதானமாக முந்திச் சென்றது. பின் இருக்கையில் இருந்த புரோக்கர், "டாக்டர் மெதுவாக ஓட்டிப் பழக்கிய வண்டி சார், இன்ஜின் அப்படியே பழகிவிட்டது" என்றார். டி-போர்டு (வாடகை) வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவார்கள் என்பது தெரியாத ஆள் என்று என்னை நினைத்துவிட்டார். இறங்கிப் பார்த்தபோது, நம்பர் பிளேட்டின் திருகு ஓட்டைக்குள் மஞ்சள் பெயின்ட் இன்னும் இருந்தது.

டி-போர்டை ஓன் போர்டாக, அதாவது சொந்த உபயோக வண்டியாக, மாற்றுவது சட்டப்படி செய்யக்கூடிய காரியம்தான். அதில் எனக்குக் குறை இல்லை. அந்த "டாக்டர்" எதற்காக வந்தார் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. சந்தேகம் இருப்பவர்கள் பழைய காப்பீட்டுப் பத்திரங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். டாக்ஸியாக ஓடிய ஆண்டுகளில் அதில் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாகனம் என்று இருக்கும்.

பழைய ஸ்பேனர்:

வைகைக்கரை நண்பர் சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. கோயம்புத்தூரில் நீண்ட காலம் பட்டறை வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நெடுஞ்சாலையில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய டாக்ஸியின் இன்ஜின், நகர நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்தே அறுபதாயிரம் ஓடிய வீட்டு வண்டியைவிட நல்ல நிலையில் இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். டாக்ஸி என்பதை மறைத்து, டாக்டர் வண்டியின் விலையைக் கேட்டதுதான் அங்கே குற்றம். சரியான விலைக்குக் கொடுத்தால் அதுவும் வாங்கத் தகுந்த வண்டியே.

என் அனுபவம் சிறியது. ஒரு தூரத்து உறவினருக்காகப் பொள்ளாச்சியில் ஒரு வண்டி பார்க்கக் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். போய்ச் சேர்ந்ததும் வணக்கம் சொல்லிக்கொண்டே பானெட்டின்மேல் கையை வைத்தேன், சுட்டது. "பால் வாங்கப் போய் வந்தோம்" என்றார்கள். பால் பாக்கெட் வீட்டு வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பரிசோதிப்பது போல, குளிர்ந்த இன்ஜினை நம் கண் முன்னால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்போதுதான் வால்வு சத்தமும், முதல் சில நொடிகளில் வரும் நீலப் புகையும் தெரியும். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். மூடியின் அடியில் பால் நிறத்தில் கூழ் போல ஒட்டியிருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். முப்பதாயிரம் ஓடியது என்று சொல்லப்படும் வண்டியில் நான்கு டயரும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். பானெட், கதவு, டிக்கி ஆகியவற்றின் போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்திருந்தால் யாரோ ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள். கதவு ரப்பரை விலக்கிப் பார்த்தால், கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக இருக்க வேண்டும். முன்புறம் டிங்கரிங் செய்து பட்டி பார்த்ததை மன்னிக்கலாம், கூரையைத் தாங்கும் பில்லரில் கை வைத்ததை மன்னிக்கவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்குவது டைமிங் பெல்ட்டா, செயினா என்று கேட்காமலே பலர் வாங்கிவிடுகிறார்கள். 2010-க்குப் பிந்தைய வேகன்-ஆரின் ஒரு லிட்டர் கே-சீரீஸ் இன்ஜினில் செயின் உண்டு. ஐ-10 வண்டியில் 1.2 கப்பா இன்ஜின் என்றால் செயின், 1.1 இன்ஜின் என்றால் பெல்ட். பெல்ட் இருப்பது குறையல்ல, சாந்த்ரோ காலத்திலிருந்து அந்த இன்ஜினை நான் மதிக்கிறேன். ஆனால் உரிய காலத்தில் மாற்றாமல் விட்டு ஓடும்போது அறுந்தால், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே கழற்ற வேண்டிய செலவு வரும்.

தாமிரபரணி மகள்:

ஸ்பேனர் ஐயா சொன்னவை அனைத்தும் பயனுள்ளவை. ஆனால் நான் திருநெல்வேலியில் பார்த்த வண்டியில் இன்ஜினும் டயரும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. கோளாறு தாளில் இருந்தது.

வண்டி உரிமையாளரின் மகன் காட்டினார். விலை பேசி முடித்து, முன்பணம் கொடுக்க வீட்டுக்குள் போய் உட்கார்ந்தோம். அவர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-ஐயும் 30-ஐயும் கையெழுத்துப் போட்ட நிலையில் எடுத்து வைத்தார். தேதி மட்டும் எழுதப்படாமல் இருந்தது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருந்த பெயரையும் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நான் தற்செயலாகத் தலையை நிமிர்த்தினேன். எதிர்ச்சுவரில் மாலை போட்ட படம் ஒன்று, அதன் கீழே அதே பெயர், மறைந்த நாள் எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

நான் படத்தைப் பார்ப்பதை அவருடைய அம்மாவும் பார்த்துவிட்டார். "இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொன்னேன்மா, இப்படித்தான் சுலபம் என்று புரோக்கர் சொல்லிவிட்டார்" என்று அவர் சொன்னபோது, மகனுக்கு என்னை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகே விற்க வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மாற்றி முடித்த பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். அழைப்பு வரவில்லை.

கொளத்தூர்வாசி சார், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மாலையில் வரவிருந்தவரிடம் யார் சொல்வது?

ஈரோட்டான்:

அம்மா, மாலையில் வருபவரின் பெயரும் எண்ணும் தெரியாதபோது கொளத்தூர்வாசி என்ன செய்திருக்க முடியும்? அந்தப் பொறுப்பு விற்பவருடையது. ஒருமுறை ஏமாந்தவர் என்பதற்காக அவர் இன்னொருவரை ஏமாற்றலாம் என்று ஆகிவிடாது. இவ்வளவு அனுதாபம் அவருக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து.

நான் வாங்கியவன் அல்லன், விற்றவன். என் பழைய காரைப் பக்கத்து ஊர் வியாபாரி ஒருவர் முழுப் பணமும் கொடுத்து எடுத்துப் போனார். பெயர் மாற்றத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பின்னொரு நாள் குடும்பத்தோடு ஒரு திருமண விருந்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசிக்கு அபராதச் செய்தி வந்தது. படத்தில் என் கார் கிருஷ்ணகிரியில் சிக்னலைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஓட்டுபவரின் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அபராதத் தொகை எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் குழந்தைக்கு ஏதேனும் ஆகியிருந்தால் ஆவணப்படி அந்த வண்டி என்னுடையது என்ற எண்ணத்தில் அதற்குமேல் சாப்பிட முடியவில்லை.

பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் இருக்கும் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. வாங்குபவர்களுக்கும் இதில் நட்டம் உண்டு. காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றாவிட்டால் தம் வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு கோருவது சிக்கலாகும். விற்றவருக்குக் கிடைத்துவந்த நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஸ்பேனர் ஐயா இன்ஜினைப் பற்றி இவ்வளவு எழுதினார், உள்ளே உட்காருபவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில்தான் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம். குழந்தைகளோடு போகிறவர்கள் ஒரு படி சிறிய காராக இருந்தாலும் பின்னாளைய காரையே பார்ப்பது நல்லது.

பழைய ஸ்பேனர்:

ஈரோட்டுத் தம்பி சொன்ன காற்றுப்பை விஷயம் நியாயமானது. ஆனால் மூன்றரை லட்சத்தில் அந்த ஆண்டு வண்டிகளில் ஐந்து பேர் நெருக்கியடித்துத்தான் உட்கார முடியும். அதற்கு முந்தைய வண்டிகளிலும் உயர்ந்த வேரியன்டில் காற்றுப்பையும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்-உம் கொடுத்திருந்தார்கள், அதைத் தேடலாம். அதே நேரம் மிகவும் பழையதற்கும் போக வேண்டாம். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆகிவிட்டது, அதோடு எப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும்.

கொளத்தூர்வாசி:

தாமிரபரணி மகள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த விளம்பரம் இரண்டு நாளில் காணாமல் போனது, அவ்வளவுதான் தெரியும்.

இப்போது வேறொரு வண்டி பார்வைக்கு வந்திருக்கிறது. 2013 ஐ-10, 1.1 இன்ஜின், அம்பத்தூரில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருடையது, ஆர்.சி., காப்பீடு எல்லாம் அவர் பெயரிலேயே இருக்கின்றன, சீட் பெல்ட் ஐந்தும் கடைசி வரைக்கும் சுத்தமாக இருக்கின்றன. 58,000 ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட்டை மாற்றியதாக அவருக்கு நினைவிருக்கிறது, ரசீது மட்டும் இல்லை. ஸ்பேனர் ஐயா, என்ன செய்யலாம்?

பழைய ஸ்பேனர்:

ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கூலி மூன்றையும் உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள், டீச்சரம்மா ஒப்புக்கொள்வார். காலையில் போங்கள், முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்.