பிணிப்பா, பூட்டா? இடுப்பு முள்ளென்புச் சத்திரசிகிச்சைக்குச் சொல் தேடி

அன்புடையீர், வணக்கம்.

மட்டக்களப்பில் நாங்கள் தயாரிக்கும் நோயாளர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அதற்காக இக்குழுவில் நான் கேட்ட இரண்டு சொற்கள் இன்னும் முடிவாகவில்லை.

தேய்ந்த இடுப்பு முள்ளென்புகளை (முதுகெலும்புத் தொடரின் தனித்தனி எலும்புகளை) திருகாணியாலும் கம்பியாலும் அசையாமல் பிடித்துவைப்பதற்கும், இடையில் ஒட்டாக வைத்த என்புத் துண்டுகள் வளர்ந்து இரண்டு முள்ளென்பும் ஒன்றாகிவிடுவதற்கும் பழைய கையேட்டில் "பொருத்துதல்" என்ற ஒரே சொல்லே இருக்கிறது. முன்னது சத்திரசிகிச்சைக் கூடத்தில் சில மணிநேரத்தில் முடிவது. பின்னது உடம்பு பல மாதம் எடுத்துச் செய்வது. படுவான்கரையிலிருந்து வந்த அம்மா ஒருவர் இரு கைமுட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டி, "ஆணி இறுக்கினா எலும்பும் ஒட்டிருமா மகள்?" என்று கேட்டார். என்பு ஒன்றாகாவிட்டால் ஆணி நாளடைவில் தளரலாம், முறியவும் கூடும் என்பதை அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விளக்க எனக்கு அரைமணி நேரம் சென்றது.

பின்னதற்கு "என்பியைவு" என்பது என் முன்மொழிவு. "என்போடு இயைந்த தொடர்பு" என்ற குறளடி (73) நம் எல்லோருக்கும் மனப்பாடம். முன்னதற்கு நான் சொன்ன "பிணிப்பு" நோயைக் குறிக்கும் பிணியை நினைவூட்டும் என்று குழுவிலுள்ள ஐயா மறுத்து, "பூட்டு" என்று வைக்கச் சொன்னார். உடலைக் கட்டுவதால்தான் நோய்க்கே அப்பெயர் வந்தது என்றாலும், கட்டிலில் கிடப்பவரிடம் சொற்பிறப்பு பேச முடியாது. ஆகவே "பிணைப்பு" என்று திருத்துகிறேன். காரைதீவில் பிறந்து, 1936இல் சென்னைச் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகளின் மண்ணிலிருந்து "ஸ்குரூ" என்று எழுதலாகாது என்ற ஐயாவின் கருத்தையும் ஏற்கிறேன். நோயாளரே ஆணி என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் ஐயாவின் "பூட்டு" எனக்கு உடன்பாடில்லை. என்பியைவுக்குப் பின் மேலும் கீழும் முள்ளென்புகளுக்கு இடையே மெத்தைபோல் உள்ள தட்டுகளில் சுமை கூடும் என்பதால், ஓரளவு அசைவை விட்டுவைக்கும் நெகிழ்கம்பி முறையும் அதே பக்கத்தில் ஒப்பிடப்படுகிறது. பூட்டியபின் அசைவேது? "நெகிழ்பிணைப்பு" என்றால் பொருள் தெளிவாகும்.

ஐயாவின் மறுமொழி

அன்பு மகளுக்கு,

ஏர் பூட்டிய மாடு நடக்காமலா இருக்கிறது? செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறைகளில் ஒன்றான பூட்டுவிற் பொருள்கோளில்கூட முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் இணைகின்றனவே தவிர, இடையிலுள்ள சொற்கள் உறைந்துவிடுவதில்லை. என்பியைவை முழுமனத்துடன் ஏற்கிறேன். முதல் முறை வருமிடத்தில் "எலும்பு ஒன்றாதல்" என்று விளக்கம் சேருங்கள். பிணைப்புக்குப் பெரும்பான்மை இருப்பதால் அச்சைத் தடுக்க மாட்டேன். என் மறுப்பு மட்டும் பதிவில் நிற்கட்டும்.